மூன்று நாள் தாமதம்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்திருந்தார்கள். தரம் 10 மாணவன் ஒருவன் நன்றாக எழுதி, இறுதித் திகதிக்கு ஐந்து நாட்கள் முன்னதாகவே கொண்டுவந்து தந்தான். நாம் அதை வாங்கி ஆசிரியர் அறை மேசையில் வைத்தோம். அதன்மேல் வரவுப் பதிவேடு ஏறியது. அதன்மேல் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் ஏறின. கட்டுரை போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாட்கள் பிந்திவிட்டது. ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை கோபிக்கவில்லை. "நான் நேரத்துக்குத் தந்த தானே சேர்?" என்று மட்டும் கேட்டான். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அது ஒரு போட்டி மட்டும்தான். அடுத்த வருடம் அவன் மீண்டும் எழுதலாம். ஆனால் இதே கேள்வியைச் சிறைக்கூடத்துக்குள் இருந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கவில்லை. குற்றவியல் மேன்முறையீடுகளில் இறுதித் திகதி தவறிப்போனதன் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். இறுதித் திகதி என்பது கெட்டதல்ல. தீர்ப்புக்கு எதிராக எப்போது வேண்டுமானாலும் மேன்முறையீடு செய்யலாம் என்றால் எந்த வழக்கும் முடியாது. கொலையுண்டவரின் குடும்பம் வருடக்கணக்காகக் காத்துக் கிடக்கும். சாட்சிகள் இறந்துபோவார்கள், மறந்துபோவார்கள். ஆகவே நாள் குறிப்பது நியாயம். கேள்வி அதற்கு அடுத்தது. நாள் தவறியது யாரால்? அதற்கான தண்டனை யாருக்கு?

இங்கிலாந்தில் தொடக்கம்

இங்கிலாந்தில் 1907 வரை, சாட்சியத்தை நடுவர் குழு பிழையாக நம்பிவிட்டது என்று சொல்லி மேன்முறையீடு செய்ய ஒரு நீதிமன்றமே இருக்கவில்லை. சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால், விசாரித்த நீதிபதி விரும்பினால் அதை மேலே அனுப்பலாம். அவ்வளவுதான்.

அந்த நிலையை மாற்றியதில் பெரும் பங்கு அடொல்ஃப் பெக் என்ற நோர்வேக்காரரின் வழக்குக்கு உண்டு. பெண்களை ஏமாற்றி நகைகளைப் பறித்தார் என்று 1896இல் அவருக்கு 7 வருடச் சிறை கிடைத்தது. அவர்தான் 1877இல் தண்டிக்கப்பட்ட "ஜோன் ஸ்மித்" என்றும் நம்பினார்கள். 1898இல் சிறைப் பதிவுகளைப் பார்த்தபோது, ஸ்மித்துக்கு இருந்த ஓர் உடல் அடையாளம் பெக்குக்கு இல்லை என்பது தெரிந்தது. இருவரும் ஒருவரல்ல என்பது அதிகாரிகளுக்கே விளங்கியது. ஆனாலும் பெக் உடனே விடுவிக்கப்படவில்லை. 1904இல் அதே மாதிரியான குற்றத்துக்கு மறுபடியும் குற்றவாளியாக்கப்பட்டார். அவர் காவலில் இருந்தபோதே அதே மோசடி வெளியில் இன்னொரு முறை நடந்து, உண்மையான ஆள் பிடிபட்டபின்தான் விடுதலை கிடைத்தது.

இதன் பிறகு 1907இல் குற்றவியல் மேன்முறையீட்டுச் சட்டம் வந்தது. மேன்முறையீடு செய்ய விரும்புபவர் 10 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் எமக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு.

ஒன்று, சிறைக்குள் இருப்பவர் நீதிமன்றத்துக்கு நடந்துபோக முடியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருந்தார்கள். மேன்முறையீட்டுப் படிவங்களைச் சிறை அத்தியட்சகரிடம் கொடுத்து வைக்க வேண்டும். கைதி எழுதிக் கொடுக்கும் அறிவித்தலை அவரே பதிவாளருக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

மற்றது, 10 நாள் தவறினால் காலத்தை நீடித்துக் கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது, மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்குகளைத் தவிர. ஆறு மாதச் சிறை பெற்றவர் பிந்தி வந்தால் மன்னிக்கலாம், தூக்குமரத்துக்குப் போகிறவர் பிந்தி வந்தால் மன்னிக்க முடியாது! மரண தண்டனையை இழுத்தடிக்கக்கூடாது என்பது அக்காலத்து எண்ணம். ஆனால் எந்தத் தவறைத் திருத்தவே முடியாதோ அந்த இடத்தில்தான் கதவு மிக இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தது.

எங்கள் நாட்டில்

ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த முறை இங்கும் வந்தது. 1938ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இலங்கையில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை உருவாக்கியது. இன்று நடைமுறையில் இருப்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டம். மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 14 நாட்களுக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும் என்கிறது அது.

அந்தச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. எம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். சிறையில் இருப்பவர், தான் மேன்முறையீடு செய்ய விரும்புவதையும் அதற்கான காரணங்களையும் அந்த 14 நாட்களுக்குள் சிறை அதிகாரியிடம் சொன்னால் போதும். மனுவைத் தயாரித்து நீதிமன்றத்தில் ஒப்படைப்பது அந்த அதிகாரியின் கடமை. எழுதத் தெரியாதவருக்கும், சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவருக்கும் வாயால் சொல்லும் வழி ஒன்று திறந்திருக்கிறது. நாள் தவறிவிட்டால்கூட, விசேட காரணங்கள் இருந்தால் மீளாய்வு அதிகாரத்தின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கலாம். ஆனால் அது உரிமையல்ல, நீதிமன்றத்தின் தற்றுணிபு.

சட்டப் புத்தகத்தில் வழி இருப்பது வேறு, அந்த வழி சிறையில் உள்ளவருக்குத் தெரிந்திருப்பது வேறு. அதைப் பிறகு பார்ப்போம். இனி அமெரிக்காவுக்குப் போவோம். திகதி தவறிய கதைகள் நீதிமன்றத் தீர்ப்புகளாகவே விரிவாக எழுதப்பட்டிருப்பது அங்கேதான்.

சிறைத் தபால் பதிவேடு

பிரென்டிஸ் ஹூஸ்டன் என்பவர் டென்னசி மாநிலச் சிறையில் இருந்தார். அவருடைய ஆட்கொணர்வு மனுவைச் சமஷ்டி நீதிமன்றம் 1986 ஜனவரி 7ஆம் திகதி நிராகரித்தது. மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 30 நாள் அவகாசம். அவருக்குச் சட்டத்தரணி இல்லை. தானே எழுதி, பெப்ரவரி 3ஆம் திகதி, அதாவது 27ஆவது நாள், சிறை அதிகாரிகளிடம் கொடுத்தார். நீதிமன்றத்தில் முத்திரை விழுந்தது 31ஆவது நாள். ஒரு நாள் பிந்தியது என்று மேன்முறையீடு தள்ளுபடியானது.

1988 ஜூன் 24ஆம் திகதி அமெரிக்க உயர்நீதிமன்றம் 5க்கு 4 என்ற வாக்கில் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் வில்லியம் பிரெனனின் நியாயம் எளிமையானது. வெளியில் இருப்பவர் தபாலை நம்பாவிட்டால் தானே போய்க் கொடுக்கலாம், போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கலாம். கைதிக்கு இவை எதுவும் இல்லை. சிறை அதிகாரியின் கையில் கொடுத்த நிமிடத்தோடு அவருடைய கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது. எனவே கொடுத்த நாள்தான் தாக்கல் செய்த நாள். அவர் எந்த நாளில் கொடுத்தார் என்பதற்குச் சிறையின் வெளிச்செல்லும் தபால் பதிவேடே ஆதாரமாக இருந்தது. ஒரு சாதாரணப் பதிவேட்டின் ஒரு வரி அவரைக் காப்பாற்றியது.

அன்று எதிர்த்து வாக்களித்த நால்வரில் ஒருவர் நீதியரசர் சாண்ட்ரா டே ஓகொனர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாட்கள்

ரொஜர் கீத் கோல்மன், வேர்ஜீனியாவின் கிரண்டி என்ற ஊரைச் சேர்ந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1981இல் தன் மனைவியின் சகோதரியைக் கொலை செய்தார் என்று மறுவருடம் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தான் செய்யவில்லை என்றே கடைசிவரை சொன்னார். விசாரணையில் தனக்காக வாதாடியவர்கள் சரியாகச் செய்யவில்லை என்பது உட்படப் பல முறைப்பாடுகளை மாநில நீதிமன்றத்தில் வைத்தார். 1986 செப்டெம்பர் 4ஆம் திகதி அவை நிராகரிக்கப்பட்டன.

மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 30 நாட்கள். அவருடைய சட்டத்தரணிகள் அதைக் கொடுத்தது ஒக்டோபர் 7ஆம் திகதி, 33ஆவது நாள். கோல்மன் மரண தண்டனைக் கைதிகளின் கூடத்தில் இருந்தார். அந்தப் பத்திரம் அவர் கையில் இருக்கவேயில்லை. மாநில மேல்மன்று, முறைப்பாடுகளின் உள்ளே போகாமல், பிந்தியது என்று தள்ளுபடி செய்தது. மாநில நீதிமன்றம் தன் நடைமுறை விதியால் மூடிய கதவைச் சமஷ்டி நீதிமன்றம் திறக்கலாமா என்ற கேள்வி அமெரிக்க உயர்நீதிமன்றத்துக்கு வந்தது.

தீர்ப்பு வந்தது 1991 ஜூன் 24ஆம் திகதி. ஹூஸ்டன் தீர்ப்பு வந்து சரியாக மூன்று வருடங்கள். 6க்கு 3 என்ற வாக்கில், திறக்க முடியாது என்றது. எழுதியவர் ஓகொனர். தண்டனைக்குப் பிந்திய அந்தக் கட்டத்தில் சட்டத்தரணி பெறும் உரிமை அரசியலமைப்பில் இல்லை, ஆகவே சட்டத்தரணியின் பிழை அரசின் பிழையாகாது, அதைக் கட்சிக்காரரே சுமக்க வேண்டும் என்பது அதன் சாரம். இது மாநிலங்களின் அதிகாரத்தை மதிப்பது பற்றிய வழக்கு என்று சொல்லியே அவர் தீர்ப்பைத் தொடங்கியிருந்தார். மாறுபட்ட நீதியரசர் ஹரி பிளக்மன், ஒரு மனிதனின் உரிமைகள் அந்தப் பேச்சில் எங்கே போயின என்று கேட்டார்.

1992 மே 20ஆம் திகதி கோல்மன் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்.

கதையை இங்கே நிறுத்தினால் நாம் உங்களை ஏமாற்றியவர்களாவோம். 2006இல் வேர்ஜீனியா ஆளுநர் மார்க் வோனரின் உத்தரவில், எஞ்சியிருந்த மாதிரியில் மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டது. முடிவு கோல்மனுக்கு எதிராகவே வந்தது. அவர் நிரபராதி என்று நம்பிப் பல வருடங்கள் பாடுபட்டவர்கள் நொந்துபோனார்கள்.

அப்படியானால் அந்த 1991 தீர்ப்புச் சரிதானே என்று கேட்கத் தோன்றும். நாமும் யோசித்தோம். ஆனால் 1991இல் அந்த நீதியரசர்கள் எவருக்கும் அந்தப் பரிசோதனையின் முடிவு தெரியாது. அவர்கள் அவருடைய முறைப்பாடுகளைப் பார்த்து, அவை பொய் என்று கண்டு மறுக்கவில்லை. பார்க்காமலே மறுத்தார்கள். கோல்மனுக்காகப் போடப்பட்ட விதி அவரோடு நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் பொருந்தியது, குற்றம் செய்யாதவர்களுக்கும் சேர்த்து.

கைதிக்குத் தெரிந்தது, சட்டத்தரணிக்குத் தெரியவில்லை

1995இல் ஒக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு நடந்தது. அதன் கோபத்தில் 1996 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. மாநிலக் கைதிகள் சமஷ்டி நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவோடு போக அதுவரை திட்டமான காலக்கெடு இருக்கவில்லை. இப்போது ஒரு வருடம் என்று ஆனது. மாநில நீதிமன்றத்தில் முறைப்பாடு நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு வருடத்தில் சேராது.

புளோரிடாவில் மரண தண்டனை பெற்ற அல்பேர்ட் ஹொலண்டுக்கு அரசு ஒரு சட்டத்தரணியை நியமித்திருந்தது. அவர் மாநில மனுவைத் தாக்கல் செய்தபோது சமஷ்டிக் கணக்கில் மீதி இருந்தது 12 நாட்கள் மட்டும். ஹொலண்ட் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். திகதியை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினார். பதில் இல்லை. சட்டத்தரணியை மாற்றித் தாருங்கள் என்று நீதிமன்றத்தை இரு தடவை கேட்டார். உனக்குச் சட்டத்தரணி இருக்கும்போது நீயாக மனுப் போட முடியாது என்றார்கள்.

2006 ஜனவரி 18ஆம் திகதி, சிறை நூலகத்தில் இருந்தபோதுதான், தன் மாநில வழக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட்டதை அவர் கண்டார். 12 நாட்களும் போய்விட்டன. மறுநாளே தன் கையால் மனு எழுதி அனுப்பினார். காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் கைதி சொன்னது சரியாகவும் சட்டத்தரணி சொன்னது பிழையாகவும் இருந்தது. 2010 ஜூன் 14ஆம் திகதி உயர்நீதிமன்றம் 7க்கு 2 என்ற வாக்கில், அசாதாரண நிலைமைகளில் அந்த ஒரு வருடத்தை நியாயம் கருதித் தளர்த்தலாம் என்று ஏற்றது. ஆனால் சட்டத்தரணியின் சாதாரணக் கவனக்குறைவு அதற்குப் போதாது என்றும் சொல்லியது.

நீதிபதியே பிழையாகச் சொன்னால்?

இதற்குச் சரியாக மூன்று வருடங்கள் முன்பு, 2007 ஜூன் 14ஆம் திகதி வந்த தீர்ப்பைப் பாருங்கள். ஒஹாயோவைச் சேர்ந்த கீத் போல்ஸ் கொலைக் குற்றவாளி. அவருடைய சமஷ்டி மனு நிராகரிக்கப்பட்டபோது மேன்முறையீட்டுக் காலம் தவறியது. மீண்டும் அவகாசம் கேட்டார். நீதிபதி 2004 பெப்ரவரி 10ஆம் திகதி அனுமதி தந்து, பெப்ரவரி 27 வரை நேரம் இருக்கிறது என்று உத்தரவில் எழுதினார். போல்ஸ் தரப்பு 26ஆம் திகதியே கொடுத்துவிட்டது.

சட்டப்படி நீதிபதியால் கொடுக்கக்கூடியது 14 நாட்கள். அவர் கொடுத்தது 17. சரியான இறுதித் திகதி 24ஆம் திகதி. இரண்டு நாள் தாமதம்!

5க்கு 4 என்ற வாக்கில் உயர்நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தது. இந்தக் காலக்கெடுவைப் பாராளுமன்றம் விதித்திருக்கிறது, அதை நீட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ் எழுதினார். மாறுபட்ட நால்வருக்காக எழுதிய டேவிட் சூட்டர், நீதிமன்றம் தானே ஒரு நாளைச் சொல்லி, அதை நம்பியவனை அதற்காகவே தண்டிப்பது சகிக்க முடியாதது என்றார். எங்கள் வகுப்பறையில் யோசித்துப் பாருங்கள். ஒப்படையை வெள்ளிக்கிழமை தாருங்கள் என்று சொல்லிவிட்டு, வியாழன் கொண்டுவந்த பிள்ளையிடம் "புதன்தான் கடைசி நாள், எனக்குத்தான் பிழைத்துவிட்டது, ஆனாலும் உனக்குப் புள்ளி இல்லை" என்று சொன்னால்?

திரும்பி வந்த இரண்டு கடித உறைகள்

கடைசியாக ஒன்று. அலபாமாவில் மரண தண்டனை பெற்ற கோரி மேபிள்ஸுக்காக நியூயோர்க்கின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் இளம் சட்டத்தரணிகள் இருவர் காசு வாங்காமல் ஆஜரானார்கள். 2002இல் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மேபிள்ஸுக்கும் சொல்லவில்லை, நீதிமன்றத்துக்கும் சொல்லவில்லை. 2003 மே மாதம் மனு நிராகரிக்கப்பட்டபோது நீதிமன்றம் அந்த இருவருக்கும் அறிவித்தல் அனுப்பியது. நிறுவனத்தின் தபால் பிரிவு இரண்டு உறைகளையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது. நீதிமன்ற அலுவலகம் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. அலபாமாவில் இருந்த மூன்றாவது சட்டத்தரணிக்குப் பிரதி கிடைத்தது. மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று அவர் விட்டுவிட்டார். 42 நாட்கள் கழிந்தன.

2012 ஜனவரியில் உயர்நீதிமன்றம் 7க்கு 2 என்ற வாக்கில் மேபிள்ஸுக்குக் கதவைத் திறந்தது. சட்டத்தரணி பிழை விடுவது வேறு, கட்சிக்காரரைக் கைவிட்டுப் போவது வேறு என்றார் நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க். அதே வருடம் மார்ச்சில் இன்னொரு வழக்கில் கோல்மன் விதியில் ஒரு சிறு விலக்கு உண்டாக்கப்பட்டது. 2022இல் அதுவும் பெருமளவு குறுக்கப்பட்டது.

யாருடைய கையில்?

இந்த வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எமக்கு ஒன்று பட்டது. ஹூஸ்டனின் பத்திரம் சிறை அதிகாரியின் கையில் இருந்தது. கோல்மனுடையதும் ஹொலண்டுடையதும் சட்டத்தரணிகளின் கையில் இருந்தன. போல்ஸுக்கு நாளைச் சொன்னது நீதிபதியின் பேனை. மேபிள்ஸின் உறைகள் தபால் பிரிவில் திரும்பின. பத்திரம் கையில் இருந்தவர்களில் எவரும் சிறை போகவில்லை. தண்டனையைச் சுமந்தவர் ஒவ்வொரு முறையும் அது கையில் இல்லாதவர்.

எங்கள் சமூகத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு. அமானிதம். இன்னொருவருடைய பொருள் எம் கைக்கு வந்தால், அது தொலைந்ததற்கு உரியவரைக் குறைசொல்ல முடியாது. ஹூஸ்டன் வழக்கில் பிரெனன் வேறு சொற்களில் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். எங்கள் 1979ஆம் ஆண்டுச் சட்டம் சிறை அதிகாரியின் தலையில் கடமையை வைத்ததும் இதற்காகத்தான்.

ஆனால் அந்த ஏற்பாடு தெரிந்திருந்தால்தான் பயன். இதை வாசிப்பவர்களில் யாருடைய உறவினராவது, ஊரவராவது தண்டனை பெற்றுச் சிறைக்குப் போயிருந்தால், முதல் நாளிலேயே நாட்களை எண்ணுங்கள். 14 நாட்கள் என்பது சட்டத்தரணி தேடி, காசு புரட்டி முடிவதற்குள் போய்விடும். சிறைக்குள் இருப்பவரே அதிகாரியிடம் சொல்லலாம் என்பதை அவருக்குச் சொல்லிவிடுங்கள். சொன்ன நாளையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இலவச உதவி தேவைப்பட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அந்தக் கட்டுரைப் பிள்ளையின் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கொப்பி வைத்தோம். பிள்ளைகள் எந்தப் படிவத்தைத் தந்தாலும், எந்தத் திகதியில், யார் கையில் தந்தார்கள் என்று அதில் எழுதி, வாங்கியவர் கையொப்பம் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் சிலர் சிரித்தார்கள். இப்போது அது மூன்றாவது கொப்பி.